வாடகை வருமானத்துக்குக் கொடைக்கானலில் வீடு: விலைக்கு முன் அனுமதியைப் பார்க்க வேண்டும்

பழனிமலைத் தொடரின் மேற்பரப்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானலில் இரண்டு மூன்று போர்ஷன்கள் கொண்ட ஒரு வீட்டை வாங்கி, ஒன்றைத் தங்கள் விடுமுறைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம், சமவெளி நகரங்களில் ஓரளவு சேமிப்புள்ள குடும்பங்களுக்கு எளிதில் எழுகிறது. போர்ஷன் என்பது தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை ஆகியவற்றோடு ஒரே கட்டடத்துக்குள் அமைந்த குடியிருப்புப் பகுதியாகும். ஒரு போர்ஷன் காலியாகக் கிடந்தாலும் இன்னொன்றிலிருந்து வாடகை வந்துகொண்டிருக்கும் என்பதால், முதலீடு என்ற அளவில் இவ்வகை வீடு தனி பங்களாவை விடப் பாதுகாப்பானது.

எனினும் அந்த வருமானத்தை மிகையாக மதிப்பிடுவது வழக்கமாக இருப்பதால், ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்பது பயன் தரும். 80 லட்சம் ரூபாய் விலையுள்ள வீட்டைப் பதிவு செய்யும்போது, 2023 ஏப்ரல் முதல் தமிழகத்தில் நடைமுறையிலுள்ள 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் ஆகியவற்றுக்காக 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் செலவாகும். பழுதுபார்ப்புக்கு 4 லட்சத்து 80 ஆயிரம் சேர்த்தால் மொத்த முதலீடு 92 லட்சமாகிறது. வாடகைக்கு விடும் இரண்டு போர்ஷன்களும் சேர்ந்து மாதம் 27,000 ரூபாய் ஈட்டினால் ஆண்டு வாடகை 3 லட்சத்து 24 ஆயிரம். அதில் ஒரு மாதக் காலியிருப்பையும், சொத்துவரிக்கும் பராமரிப்புக்குமான 50,000 ரூபாயையும் கழித்தால் கையில் நிற்பது 2 லட்சத்து 47 ஆயிரம் மட்டுமே. முதலீட்டோடு ஒப்பிட்டால் இது 2.7 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், வீட்டுக் கடன் வாங்கியவருக்கு இந்த வாடகை வட்டியைக்கூட ஈடுகட்டாது.

அதே போர்ஷனைக் ‘காட்டேஜ்’ என்று பெயரிட்டு, ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் வீதம் ஆண்டில் 150 இரவுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் 4 லட்சத்து 50 ஆயிரம் கிடைக்கும் என்ற கணக்கு இந்த இடத்தில்தான் நுழைகிறது. வீடு விற்பவரும் இடைத்தரகரும் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அந்தக் கட்டடத்தை அவ்வாறு பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறதா என்ற கேள்வி அதில் விடுபட்டுப் போகிறது.

கொடைக்கானலின் அண்மைக்கால வரலாற்றில் இக்கேள்விக்குத் தெளிவான விடைகள் உண்டு. மலைச்சரிவில் கட்டடங்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்துவதற்காக 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993இல் நகருக்கான முழுமைத் திட்டம், அதாவது எந்த இடத்தில் குடியிருப்பு, எந்த இடத்தில் வணிகம் என்று வரையறுக்கும் ஆவணம், நடைமுறைக்கு வந்தது. இரண்டு தளங்களுக்கே இடமிருந்த நிலையில் ஏழு தளங்களாக எழுப்பப்பட்ட பிளசன்ட் ஸ்டே ஹோட்டலை எதிர்த்துப் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடர, மாநில அரசு விதிவிலக்கு அளித்திருந்தும் அது செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், 2019இல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து விதிமீறிய வணிகக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டபோது, குடியிருப்புக்கென அனுமதி பெற்று விடுதிகளாக நடத்தப்பட்ட வீடுகளும் அவற்றில் இருந்தன. முதல் வழக்கு பெரிய ஹோட்டலைப் பற்றியது என்றாலும், 2019 நடவடிக்கை சிறு முதலீட்டாளரை நேரடியாகத் தொட்டது.

ஆகவே, வீட்டை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய ஆவணம், திட்ட அனுமதி எண்ணோடு அலுவலக முத்திரையிட்ட கட்டட வரைபடமாகும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டால், ஒரே குடும்பத்துக்கான வீடு பின்னாளில் பலகைத் தடுப்பு வைத்து மூன்று போர்ஷன்களாக்கப்பட்டதா, கார் நிறுத்துமிடம் அறையாக மாறியதா, மாடியில் தகரக் கூரை போட்டு இன்னொரு தளம் முளைத்ததா என்பவை அங்கேயே தெரிந்துவிடும். மின் கட்டண அட்டையில் உள்ள இணைப்பு வீட்டு வகையா வணிக வகையா என்பதும், சொத்துவரி ரசீது எந்தப் பயன்பாட்டுக்கு எழுதப்பட்டுள்ளது என்பதும் அதே கேள்விக்கு மேலும் இரண்டு சான்றுகள். வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல், கட்டட அனுமதியைப் பற்றி எதுவும் சொல்லாது. பட்டாவும் நிலத்தின் உரிமையைக் காட்டுமேயன்றி அதன்மேல் நிற்கும் கட்டடத்துக்குச் சான்றாகாது. பட்டாவிலும் கவனம் தேவை: நிலமற்றோருக்கு அரசு வழங்கிய நிபந்தனைப் பட்டா நிலமும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் விரும்பியவருக்கு விற்கத்தக்கவை அல்ல. அந்த நிலங்கள் யாருக்காக வழங்கப்பட்டனவோ அவர்களிடமே இருக்க வேண்டும் என்பது நியாயமும்கூட.

ஹோம்ஸ்டே என்ற பெயர்ப்பலகை இச்சிக்கல்களைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம், உரிமையாளர் தம் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருப்பதை நிபந்தனையாகக் கொண்டு, அதிகபட்சம் ஆறு அறைகளுக்கே இடம் தருகிறது என்பதால், சென்னையில் இருந்துகொண்டு காவலாளி மூலம் நடத்தப்படும் வீடு அதில் அடங்காது. சுற்றுலாப் பயணிகளின் வருகைக்கும் அண்மை ஆண்டுகளில் வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை அறிமுகமாகி, 2025 கோடைக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது.

ஆண்டு முழுதும் குடியிருப்போருக்கு வாடகைக்கு விடுவதே நிலையான வழியாகும். பள்ளிகள், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், சூரிய ஆய்வகம், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும், கடைகளிலும் விடுதிகளிலும் உழைப்போருக்கும் வீடு தேவை. காட்டேஜாக மாறும் ஒவ்வொரு போர்ஷனும் அவர்களிடமிருந்து பறிபோகும் ஒரு குடியிருப்பு என்பதை முதலீட்டாளர் நினைவில் கொள்வது நல்லது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. பெருந்தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு மாத வாடகை வாங்காமல் விடும் ஒத்தி முறை தென்மாவட்டங்களில் பழகியது என்றாலும், தொகையைத் திருப்பித் தர வேண்டிய நாளில் கையில் பணமில்லாத உரிமையாளருக்கு அது பெரும் சுமையாகும்.

வீட்டை வெயில் காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது தவறு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்றால்தான் சுவரின் ஓதம், அலமாரிக்குப் பின்னால் படரும் பூஞ்சை, சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவரின் விரிசல், அதிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருப்பது ஆகியவை கண்ணில் படும். கோடையில் சென்றால் நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவாகிறது என்பவை தெரியும். இரண்டு பருவங்களிலும் வீட்டைப் பார்த்து, முத்திரையிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டு, நீண்டகால வாடகையை மட்டும் வைத்துக் கணக்கிட்டபின் கட்டுப்படியாகும் வீட்டுக்கே முன்பணம் கொடுக்க வேண்டும்.