தொட்டாலே புண்ணாகும் பிஞ்சுகள்

துறையூர் வட்டாரத்தில் அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணப்பது புதிதன்று. பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுதுற்ற மரபணு மறைந்திருப்பின், நான்கில் ஒரு வாய்ப்பு: தோலடுக்குகளைப் பிணைக்கும் கொலாஜன் சரிவர அமையாமலே குழந்தை பிறக்கலாம். சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம், உணவுக்குழலிலும் புண். உறவுத் தடைக்கு விலக்குக் கேட்டுப் பங்குத்தந்தையிடம் செல்வோர் இதனையும் எண்ணுவார்களா? அச்சுறுத்த நாம் இதைக் கூறவில்லை.

இது தொற்றுநோயன்று, அருகில் அமர அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கலாகாது. பிட்டத்தையும் கழுத்தையும் தாங்கியே எடுத்தல் வேண்டும். சட்டையைத் தையல் வெளிப்புறமாகத் திருப்பி அணிவியுங்கள். ஒட்டும் பிளாஸ்திரி கூடவே கூடாது.

மரபணுவைப் புண்ணிலேயே சேர்க்கும் களிம்பொன்றை 2023இல் அமெரிக்க அரசு ஏற்றது. விலையோ நம்மவர்க்கு எட்டாதது. தீப்புண்ணுக்கு விரிக்கும் வாழையிலை, கிருமி நீக்கப்பட்டால், இங்கும் ஒட்டாத விரிப்பாகும். தோல் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.