முதலில் குளம்பு, பிறகுதான் முதுகு

ஊட்டி ஏரிக்கரையிலும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றியும் மெரினா மணலிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் சில, வயதாகியோ நொண்டியோ வேலைக்கு உதவாமல் போனதும் தெருவில் விடப்படுகின்றன. ஊட்டியில் அவை குப்பைத் தொட்டியில் வாய் வைத்து, பிளாஸ்டிக் பையோடு சேர்த்து மிச்சச் சோற்றைத் தின்பதை உள்ளூர்க்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். இரக்கப்பட்ட யாரோ அப்படி ஒரு குதிரையைக் கூட்டிவந்து கொட்டிலில் கட்டியதும் மீட்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் ஆபத்தான வாரம் அப்போதுதான் தொடங்குகிறது.

இப்படி வரும் குதிரைகளிடம் பெரும்பாலும் மூன்று தொல்லைகள் சேர்ந்தே இருக்கும்: பட்டினி, கெட்டுப்போன குளம்பு, இறுகிப்போன தசை. நல்ல மனசுக்காரர்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் சரிசெய்யப் புறப்படுவார்கள். வயிறு நிறையக் கொள்ளு, புது லாடம், முதுகுக்கு எண்ணெய் தேய்த்து நீவல். மூன்றுமே தவறான நேரத்தில் செய்தால் கெடுதல்.

முதல் மூன்று வாரம் தனிக்கொட்டில்

குதிரையை மற்ற குதிரைகளோடு கட்டாதீர்கள். தண்ணீர் வாளி, துடைக்கும் துணி, பிரஷ் எல்லாம் தனி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைபோன்ற இடங்களில் பல ஊர்க் குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே நின்றுவந்த குதிரை என்ன நோயைச் சுமந்துவருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் பயப்பட வேண்டிய நோய் கிளாண்டர்ஸ். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் கட்டிகளும் வரும், மனிதருக்கும் தொற்றும், சரியாகக் கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும். கால்நடைத் தொற்றுநோய்கள் தடுப்புச் சட்டம் 2009-இன் கீழ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் இது. ரத்த மாதிரியைச் சோதிக்க ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் வழியாக அனுப்பலாம். ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். அதோடு டெட்டனஸ் ஊசி. வீட்டு விலங்குகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். குளம்பில் ஆணி குத்திய சின்னத் துளையே போதும்.

கொள்ளு வாளியைத் தள்ளி வையுங்கள்

விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்தால் அள்ளி அள்ளிப் போடத்தான் கை போகும். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து நிறைந்த தீவனத்தைத் திடீரெனக் கொடுத்தால் இன்சுலின் சட்டென ஏறுகிறது. ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸும் மக்னீசியமும் செல்களுக்குள் போய்விடுகின்றன. இதயமும் மூச்சும் தடுமாறுகின்றன. தீவனம் தொடங்கிய மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாள்களில், 'நன்றாகத்தானே சாப்பிட்டது' என்று எல்லோரும் திகைக்கும்படி, குதிரை விழுந்துவிடுவதுண்டு.

டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் பட்டினிக் குதிரைகளுக்குப் பல தீவனங்களைக் கொடுத்துப் பார்த்ததில், குதிரைமசால்தான் பாதுகாப்பானது என்று தெரிந்தது. மாவுச்சத்து குறைவு, புரதமும் தாது உப்பும் அதிகம். 450 கிலோ எடை இருக்க வேண்டிய பெரிய குதிரைக்கு முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ந்த குதிரைமசால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக. பிறகு பத்து நாள்வரை மெல்லமெல்லக் கூட்டலாம். நம்மூர் மட்டக்குதிரைக்கு அதில் பாதி. நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

கொள்ளு, வெல்லம், பிரெட், கல்யாண வீட்டு மிச்சம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். தவிடு மலிவு என்பதால் அதையே முக்கியத் தீவனமாக வைக்கும் பழக்கமும் நல்லதல்ல. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி; அது கால்சியத்தைச் சேரவிடாமல் தடுத்து, மாதக்கணக்கில் எலும்பையே வலுவிழக்கச் செய்யும். குப்பை தின்று பழகிய குதிரை சாணம் போடுகிறதா, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா, படுத்துப் புரள்கிறதா என்று கவனியுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் பிளாஸ்டிக் அடைத்தால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலைமை.

குளம்புக்குள் என்ன நடக்கிறது

குளம்பின் வெளிச்சுவர் நம் நகம்போலவே கெரட்டினால் ஆனது; வெட்டினால் வலிக்காது. உள்ளே கதை வேறு. கால்நுனி எலும்பு அந்தச் சுவரின் உட்புறத்தில், ரத்த ஓட்டம் மிகுந்த நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புத் திசுக்களால் கோக்கப்பட்டுத் தொங்குகிறது. குதிரையின் முழு எடையும் அந்தப் பிணைப்பை நம்பித்தான் நிற்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்.

இந்த மடிப்புகள் வீங்குவதே லாமினிடிஸ். தானியத்தைக் கொட்டித் தின்றது, தார்ச்சாலையில் ஓயாமல் ஓடியது, குட்டி போட்டபின் நஞ்சுக்கொடி தங்கியது, ஒரு கால் நொண்டியதால் மறுகாலில் எடை முழுவதும் விழுந்தது என்று காரணங்கள் பல. பிணைப்பு விட்டுப்போனால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பி அடித்தோலையே குத்தத் தொடங்கும். குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்கும். திரும்பச் சொன்னால் தயங்கும். குளம்பு சூடாக இருக்கும். கணுவின் இரு பக்கமும் விரல் வைத்தால், சாதாரணமாகக் கண்டுபிடிக்கவே சிரமப்படும் நாடி, துள்ளிக்கொண்டு கைக்குத் தெரியும்.

இந்த அறிகுறிகள் தெரிந்த முதல் இரண்டு மூன்று நாள்களில், முழங்காலுக்குக் கீழ்வரை பனிக்கட்டித் தண்ணீரில் விடாமல் வைத்திருப்பது பலன் தரும். நடக்க வைப்பது கூடாது. 'நாலு சுற்று நடந்தால் சரியாகிவிடும்' என்று சொல்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

பழைய பாதிப்பைக் குளம்பே காட்டிக்கொடுக்கும். சுவரில் குறுக்காக வளையங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் போனால், கடந்த ஓராண்டுக்குள் லாமினிடிஸ் வந்துபோயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே ஒன்று உறுதி செய்துவிடும். அந்தப் படம் கையில் இல்லாமல் குளம்பைச் சீவ உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதுதான்.

குளம்பில் வரும் வேறு இரண்டு தொல்லைகள் எளிதாகவே தீரும். சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நின்ற குதிரைக்கு, குளம்பின் அடியில் ரப்பர்போல் இருக்கும் முக்கோணப் பகுதியின் ஓரங்களில் கறுப்பாய் நாற்றமடிக்கும் அழுகல் வரும். தினமும் குளம்புக் கொக்கியால் அழுக்கெடுத்து, உலர்ந்த தரையில் நிறுத்தினால் பாதி குணம். நேற்றுவரை நடந்த குதிரை இன்று காலை ஊன்றவே முடியாமல் நின்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். மருத்துவர் வழி திறந்து சீழை வடித்தபின், எப்சம் உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்து, சுத்தமாகக் கட்டுப்போட்டால் சில நாளில் தெளியும். வீட்டுக் கத்தியால் தோண்டாதீர்கள்.

லாடம் அடிப்பவர் கவனத்துக்கு

நம் ஊர்களில் லாடம் என்றாலே மாட்டு லாடம்தான். மாட்டின் பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு துண்டு லாடம். மாட்டைக் கீழே சாய்த்துப் போட்டு அடிப்பார்கள். குதிரைக்கு ஒரே வளைவு லாடம், நின்ற நிலையில் வேலை. ஒன்றில் கைதேர்ந்தவர் மற்றொன்றிலும் தேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல மாதம் வெட்டாமல் முன்னோக்கி நீண்டு வளைந்த குளம்பை ஒரே அமர்வில் 'அழகாக' வெட்டிவிடும் ஆசை யாருக்கும் வரும். அப்படி வெட்டினால் தசைநாண்களும் மூட்டுகளும் புதுக் கோணத்துக்கு ஈடுகொடுக்காமல் குதிரை இன்னும் நொண்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட முன்நுனியைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இடைப்பட்ட நாள்களில் ஆழமான மணல் படுக்கை நல்லது. தனக்கு வலிக்காத கோணத்தைக் குதிரையே தேடிக்கொள்ளும். நைந்த சுவரில் ஆணி அறைந்து லாடம் போடுவதைவிட, அடியில் மெத்தை வைத்த குளம்புக் காலணி நல்லது. அது கிடைக்காதபோது தடித்த ஃபோம் துண்டை ஒட்டுநாடாவால் சுற்றினாலும் தற்காலிகமாக உதவும்.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மயிர்க்கோட்டிலிருந்து புதுச் சுவர் முளைத்து முன்நுனியைத் தொட 9 முதல் 12 மாதம். எந்த மருந்தும் அதைப் பெரிதாகச் சுருக்காது. குதிரையைத் தத்தெடுக்க நினைப்பவர் போட வேண்டிய முதல் கணக்கு இந்த ஓராண்டுச் செலவுதான்.

முதுகு வலி எங்கிருந்து வருகிறது

முதுகைத் தொட்டாலே துடிக்கும் குதிரைக்குச் சேணம் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். பொருந்தாத சேணமும் காரணம்தான். தோளுக்குப் பின்னால் வெள்ளை மயிர்த் திட்டுகள் இருந்தால் அது பழைய அழுத்தப் புண்ணின் தடம். ஆனால், முன்குளம்பு வலிக்கும் குதிரை எடையைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தையும் தோளையும் இறுக்கி, இடுப்பை வளைத்து நடந்து நடந்தே முதுகைக் கெடுத்துக்கொள்கிறது. குளம்பை விட்டுவிட்டு முதுகை மட்டும் நீவினால், மறுநாள் நடந்ததும் வலி திரும்பிவிடும். அதனால்தான் தசைச் சிகிச்சை இரண்டாவதாக வருகிறது.

குதிரை வலியை மறைக்கும் விலங்கு. அதன் முகத்தைப் படிக்க 2014-இல் வெளியான 'ஹார்ஸ் கிரிமேஸ் ஸ்கேல்' என்ற அளவுகோல் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: பின்னால் விறைத்த காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், இறுகிய மூக்குத் துளை. குதிரைக்காரருக்கு இது புதிதல்ல. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

குளம்பு ஓரளவு தெளிந்து, குதிரை கொட்டிலுக்குள் வலியில்லாமல் திரும்புகிறதென்றால் தசை வேலையைத் தொடங்கலாம். முதலில் விரல்நுனி வேண்டாம், உள்ளங்கை மட்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை மயிர் போகும் திசையில் மெதுவாக. வெந்நீரில் பிழிந்த துணியை இறுகிய இடத்தில் கால் மணி நேரம் வைத்துவிட்டு நீவினால் தசை சீக்கிரம் இளகும். காய்ச்சல், புண், சூடான வீக்கம் இருந்தால் கை வைக்காதீர்கள்.

அடுத்து கேரட் பயிற்சி. கேரட்டைக் காட்டி, குதிரை கால்களை நகர்த்தாமல் தலையை நெஞ்சுக்கும், முன்கால்களுக்கு நடுவுக்கும், விலாப்பக்கமும் கொண்டுவரச் செய்வது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டுக் குதிரைகளுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் இதைச் செய்துபார்த்ததில், முதுகெலும்பைத் தாங்கும் உட்தசை பருத்திருந்தது. வேலையில்லாமல் சூம்பிப்போன முதுகுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. பிறகு மிருதுவான தரையில் கையில் பிடித்து ஐந்து, பத்து நிமிட நடை. வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போகலாம். ஊட்டிச் சரிவுகள் கடைசியில்தான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நடையின்போது குதிரை திடீரென வியர்த்து, பின்தசை கல்லாய் இறுகி, காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் தசை சிதைந்துகொண்டிருக்கிறது. இழுத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோகாமல் நின்ற இடத்திலேயே நிறுத்தி, மருத்துவரை அங்கே வரவழையுங்கள்.

வலி மாத்திரை

குதிரைகளுக்கு வழக்கமாகத் தரும் பினைல்பியூட்டசோன் நன்றாகவே வலி தணிக்கும். நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும்; இரண்டு வலி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் மோசம். வலி மறைந்ததால் நோய் போய்விட்டதென்று நடக்கவிடுவதும் ஆபத்து.

டைக்ளோஃபினாக் பக்கம் போகவே வேண்டாம். கால்நடைகளுக்கு அதைத் தருவது 2006-இலேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய விலங்கின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இந்தியா முழுவதும் மடிந்தன. தென்னிந்தியாவில் எஞ்சியவற்றில் கணிசமான பகுதி நீலகிரியின் அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கிறது. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலோக்சிகாம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுபடி சவாரிக்கு விடலாமா

சில குதிரைகளை விடலாம், பலவற்றை விடக் கூடாது. எலும்பு திரும்பிய குளம்பு ஓய்வுக்குத்தான். தேறிய குதிரைக்கும் ஏறுபவரும் சேணமும் சேர்ந்து அதன் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 200 கிலோ மட்டக்குதிரைக்கு அது 30 முதல் 40 கிலோ. அதாவது ஒரு பள்ளிச் சிறுமி. 1965-ஆம் ஆண்டுச் சுமை விலங்கு விதிகள் மட்டக்குதிரைக்கு அனுமதிக்கும் பொதியே 70 கிலோதான். நன்றாக வளர்ந்த ஆண் ஒருவர் ஏறியதுமே இரண்டு கணக்கும் தப்பிவிடுகிறது. விலங்கு வதைத் தடைச் சட்டம் 1960-இன்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். சவாரிக் கட்டணத்தைவிடக் குறைவு. ஆகவே தண்டனையை நம்பிப் பயனில்லை. ஏறுமுன் குனிந்து குளம்பைப் பாருங்கள். பிளந்தோ நீண்டு வளைந்தோ இருந்தால், கால் மாற்றி மாற்றி நின்றால், சவாரி வேண்டாம் என்று குதிரைக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள். தெருவில் நொண்டும் குதிரையைக் கண்டால் தீவனம் எதுவும் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.