குடிலுக்கு வைக்கோல் எங்கிருந்து வருகிறது?

டிசம்பர் பிறந்தால் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு நட்சத்திர விளக்கு தொங்கும். மிஷன் வீதி சம்பா கோவில், ரயில் நிலையம் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்கா, ஒவ்வொரு வீட்டுத் திண்ணை என்று எங்கும் குடில் எழும்பும். 1791-இல் கட்டி முடித்த சம்பா கோவிலின் பெயருக்கும் சம்பா நெல்லுக்கும் சம்பந்தமில்லை. புனித பவுல் என்பதன் அயல்மொழிப் பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஆனால் அங்கே வைக்கும் குடிலுக்கும் நெல்லுக்கும் நிறையவே சம்பந்தம் உண்டு.

பிறந்த குழந்தையைத் தீவனத் தொட்டியில் கிடத்தியதாக லூக்கா எழுதுகிறார். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ், நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, காய்ந்த புல்லைப் பரப்பி அந்தக் காட்சியைக் காட்டினார். அதாவது முதல் குடிலே ஒரு மாட்டுக் கொட்டகைதான். இன்றைக்கு நகரத்துக் குடிலில் மாடு பிளாஸ்டர் பொம்மை. வைக்கோல் மட்டும்தான் நிஜம். அதுவும் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. 'சார், ரெண்டு பிரி வைக்கோல் இருக்குமா?' என்று எங்கள் தெருவில் வருஷா வருஷம் என்னிடம் கேட்கிறார்கள்.

ஏன் கிடைக்கவில்லை? 1966-இல் ஐ.ஆர்.8 வந்ததிலிருந்து குட்டை ரகங்கள் பெருகின. நெல்லைக் கணக்குப் பார்த்தார்களே தவிர தாளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தாள் குறைந்ததும் மாடு குறைந்தது. மாடு போனதும் எரு போனது, உரமூட்டை வந்தது. 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்ற பழமொழியை ஊர் ஊராகச் சொல்லி வந்தவர் நம்மாழ்வார் ஐயா. அவர் நம்மை விட்டுப் போனதும் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில்தான், 2013 டிசம்பர் 30.

எனக்கு ஊசுடு ஏரிப் பக்கம் ரெண்டரை ஏக்கர். நகரத்திலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர். சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் இந்த ஏரி, சுமார் 800 ஹெக்டேர். பாதி நமக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. 2008-இல் நம் பக்கம் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழை முடிந்து ஏரி ததும்பும் டிசம்பரில், விடியற்காலை கரைமேல் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடப்பேன். வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் கூட்டமாக இருக்கும். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கும். கூலி கேட்காத வேலையாள்! கோவிலில் முழங்கால் போடும்போது வரும் அமைதி எனக்கு இங்கேயும் வருகிறது.

பிரான்சில் இருக்கும் மகன் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வருவான். 'அப்பா, உங்களுக்கு அறுபத்தேழு ஆகுது. மனை போடறவங்க நல்ல விலை கேக்கறாங்க. குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமே' என்பான். அக்கறையில்தான் சொல்கிறான். முட்டி வலி எனக்கும் தெரியும். வங்கியில் இருந்தவன், கணக்கையும் மறுக்க முடியாது. விற்றால் வரும் வட்டி, விளைச்சலில் வரும் வருமானத்தைவிட அதிகம்தான்.

ஆனாலும் இன்னொரு பேரேடு இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளர்கிறது. அந்தத் தாளைத் தின்று ரெண்டு நாட்டுப் பசு நிற்கிறது. 10 கிலோ சாணம் இருந்தால் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் ஆகிவிடும். ஏரிக்கரையில் ரசாயனம் தெளிக்காத ஒரு துண்டு நிலம் இருந்தால் நத்தைக்கும் நாரைக்கும் அது பிழைக்கும் இடம். மனை போட்டால் அந்தப் பேரேட்டை மூடிவிட வேண்டியதுதான். 'மூடறது சுலபம். மறுபடி திறக்க முடியுமா?' என்று அவன் அம்மா கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. பேச்சு இன்னும் முடியவும் இல்லை. நான் நடக்க முடிகிறவரை விற்பதில்லை என்பது மட்டும் முடிவு.

பேத்தி வந்தால் முதல் வேலையாகக் குடிலைப் பார்ப்பாள். பத்து நாள் முன்பே தட்டில் விதைத்த கேழ்வரகு அதற்குள் விரல் உயரம் பச்சைப் பயிராக நிற்கும். அதற்குத் தண்ணீர் தெளிப்பது அவள் பொறுப்பு.

நண்பர்களே, உங்களிடம் நாட்டு ரக வைக்கோல் இருந்தால் பக்கத்து ஊர்க் கோவில் குடிலுக்கு ஒரு கட்டு கொடுங்கள். எந்த நெல்லின் தாள் என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் அரிசி கேட்டு வருவார்கள். ஜிகினாத் தூளும் ஸ்பிரே பெயின்டும் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பட்ட வைக்கோல் மாட்டுக்கும் ஆகாது, எருக்குழிக்கும் ஆகாது. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் அந்த வைக்கோல் திரும்பத் தொழுவத்துக்கே வரட்டும். அதற்குள் சம்பா அறுப்பும் வந்துவிடும்.