நெல்லுக்கும் நமக்கும் ஒரே மருந்து

சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்தால், தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் இலை நுனியிலிருந்து மஞ்சள் இறங்கும். ஓரங்கள் வைக்கோல் நிறமாகக் காயும். இதுதான் பாக்டீரியா இலைக்கருகல் நோய். பல ஆண்டுகளாக இதற்கு உரக்கடையில் கிடைத்துவந்த பொட்டலம், ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த கலவை. இரண்டுமே மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள். காசநோய்க்கு முதன்முதலாகக் கிடைத்த ஆன்டிபயாட்டிக்கே ஸ்ட்ரெப்டோமைசின்தான்.

தெளித்த மருந்து பயிரோடு நின்றுவிடாது. வயல்நீரில் கலந்து வடிகாலுக்குப் போகும். அங்கே அந்த மருந்துக்கு மடிகிற கிருமிகள் மடிய, தாங்குகிற கிருமிகள் பெருகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மருந்தைத் தாங்கும் மரபணுவை ஒரு கிருமி, முற்றிலும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். யாருக்கும் கெடுதல் செய்யாத மண் கிருமியிடம் இருந்தது, நோய்க் கிருமியின் கைக்கு வந்துவிடலாம். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்கிற, ஊர்ச் சாக்கடையும் வாய்க்காலும் கலக்கிற டெல்டாவில் இதற்கு வழி நிறையவே இருக்கிறது.

இந்தக் கலவையை 2024 ஜனவரி முதல் வேளாண்மையில் முற்றிலும் நிறுத்த, 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு வரைவாணை வெளியிட்டது. ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாயி இந்தக் கலவையைத் தவிர்க்க வழி உண்டு. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். அந்தக் காயத்தின் வழியாகவும் கிருமி நுழையும். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாதீர்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை இந்நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைத்திருக்கிறது.

மருந்தைத் தாங்கும் இப்படிப்பட்ட மரபணு நாடு விட்டு நாடு போவதை உலகம் துல்லியமாகப் பின்தொடர்ந்த கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில் 2008இல் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமி, கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனத்துக்கும் அசையவில்லை. அதற்குக் காரணமான நொதிக்கு, நியூ டெல்லியின் பெயரால், என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். இதைப் பற்றி 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்த நொதிக்கான மரபணு சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் இருந்தது. பிரிட்டன் நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்துபோனவர்கள். மறு ஆண்டு டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும் அதே மரபணு கிடைத்தது. நம் தலைநகரின் பெயரை ஒரு நொதிக்கு வைத்ததில் பலருக்கு வருத்தம்; நியாயமான வருத்தம்தான். ஆனால் குழாய்நீரில் கிடைத்தது அதைவிடக் கவலைப்பட வேண்டிய செய்தி. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பின்தொடர முடிவது எழுத்தில் பதிவு இருப்பதால்தான். உங்களைப் பற்றிய பதிவைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கடையும் பதிவு வைத்தாக வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 என்ற மருந்துப் பட்டியலில் செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் அடக்கம். இவற்றை விற்கும் மெடிக்கல் கடை, எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் அதையும் விற்கக் கூடாது. "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க" என்று நாமே கேட்பதையும் நிறுத்த வேண்டும். சளிக்கும் டெங்குவுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடாது.

சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்; 1915 எண்ணில் முறையிடலாம். பில் இருந்தால்தான் பின்னால் எந்தப் புகாரும் நிற்கும்.

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அறுவை செய்த புண் ஆறாமல் இருந்தால், "கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க, முடிந்தவரை மருந்து தொடங்கும் முன்பே மாதிரி எடுப்பது நல்லது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று அந்த அறிக்கை சொல்லும். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி. வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்.

மகனோ மகளோ வெளிநாட்டில் இருந்து, நீங்கள் அங்கே போகிறீர்கள் என்றால் அந்தக் கல்ச்சர் அறிக்கை கையில் இருக்கட்டும். வேறு நாட்டு மருத்துவமனையில் தங்கி வந்தவரை வார்டில் சேர்க்கும்போது மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்காகச் சோதிப்பது பிரிட்டன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் வழக்கம். இங்கே மருத்துவமனையில் தங்கியிருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்குச் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்க அது உதவும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொற்றும் வாய்ப்பும் குறையும்.