தேறுமா... தேறாதா?

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே தெரிவதெல்லாம் லாரிதான். பாடி கட்டுகிற ஷெட், பெயின்ட் அடிக்கிற ஷெட், டயர் கடை, வரிசை கட்டி நிற்கும் கேஸ் டேங்கர்கள்... 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாவதற்கு முன்பே இது லாரிக்காரர்களின் ஊர். இந்த ஷெட்களுக்கு நடுவில் சட்டென்று கண்ணில் படாத இன்னொரு கூட்டம் உண்டு. லேத் பட்டறைகள். அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கனமான, வட்டமான ஒரு இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்குவார்கள். கூடவே வரும் கேள்வி ஒன்றுதான்:

'அண்ணா, இது தேறுமா?'

அந்த இரும்புதான் ஃப்ளைவீல். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அது 'டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி' பேப்பரில் வரும் ஒரு பெரிய மார்க் கணக்கு. ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கிறவருக்கோ, அது இந்த மாத டியூ கட்டுவாரா மாட்டாரா என்கிற கணக்கு!

சுத்தி விட்டா சுத்திக்கிட்டே இருக்கும்!

வேற டிபார்ட்மென்ட் மக்கள் பயப்பட வேண்டாம். வீட்டில் கால் மிதி தையல் மெஷின் இருக்கிறதா? வேகமாக நாலு மிதி மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். சக்கரம் உடனே நிற்காது, இல்லையா? குயவர் சக்கரமும் அப்படித்தான். கோலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டால், பானை உருவாகிற வரைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். கனமான ஒன்றைச் சுற்றிவிட்டால் அது சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம்.

இன்ஜினுக்கு இது எதற்கு? நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், ஒரு சிலிண்டர் ஒரே ஒரு முறைதான் சக்தி தரும். ஆறு சிலிண்டர் இருந்தாலும் விட்டு விட்டுத்தான் வரும். நின்றுபோன பஸ்ஸை 'ஏலே தள்ளு' என்று ஆள் சேர்த்துத் தள்ளுகிற மாதிரி! இந்த உதறலை வாங்கிக்கொண்டு சீரான சுற்றாக மாற்றுவது ஃப்ளைவீல். செல்ஃப் போடும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்துச் சுற்றுவதும் இதன் விளிம்பில் உள்ள ரிங் கியரைத்தான். கிளட்ச் பிளேட் வந்து ஒட்டிக்கொள்வதும் இதன் முகத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 30 கிலோ எடை, 40 செ.மீ. விட்டம் உள்ள ஒரு தட்டு, நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கிற ஆற்றல் சுமார் 13,000 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டையை எட்டு மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமான சக்தி! வேகம் இரண்டு மடங்கானால் இது நாலு மடங்காகும். இவ்வளவும் சுற்றிக்கொண்டிருப்பது டிரைவரின் கேபினுக்குப் பக்கத்தில். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புது பிளேட்... பழைய முகம்!

கொல்லிமலைக்கு டூர் போயிருப்பீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். நமக்கு அது செல்ஃபி பாயின்ட். லோடு ஏற்றி வருகிற லாரி டிரைவருக்கு அது கிளட்சுக்கான பரீட்சை. வளைவில் வண்டி நின்று, ஏற்றத்தில் மறுபடி கிளம்பும்போது அரை கிளட்சில்தான் நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே சுற்றும். உள்ளங்கைகளைச் சேர்த்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடு தெரியும். அங்கே டன் கணக்கில் எடையை வைத்துக்கொண்டு தேய்க்கிறார்கள்!

பிளேட் தேய்ந்து மெலிந்தால், அதிலுள்ள ரிவிட்டுகள் வெளியே தலைகாட்டும். அவை ஃப்ளைவீல் முகத்தில் வட்டம் வட்டமாகக் கோடு கிழிக்கும். சூட்டில் முகம் லேசாக வளையும். முடி போன்ற விரிசல்கள் விழும். இதன் பிறகு கிளட்ச் சீராகப் பிடிக்காது. கால் எடுக்கும்போது வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். முட்டை லோடு ஏற்றுகிற ஊரில் உதறுகிற வண்டியை யார் கூப்பிடுவார்கள், சொல்லுங்கள்!

'புது கிளட்ச் பிளேட் போட்டாச்சு, அப்புறம் என்ன?' என்று சிலர் ஃப்ளைவீலைத் தொடாமலே மூடிவிடுவது உண்டு. பள்ளமும் மேடுமான முகத்தில் புது பிளேட் முழுதாக உட்காராது. சில இடம் மட்டும் ஒட்டி, அங்கேயே சூடாகி, சீக்கிரம் போய்விடும். பிளேட் காசு போனது மட்டுமல்ல. கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். வண்டி மறுபடி ஷெட்டில் நிற்க வேண்டும். டியூ தேதி மட்டும் நிற்காது.

நீல மச்சம்

கழற்றிய ஃப்ளைவீலின் முகத்தில் நீலமும் கருப்புமாகத் திட்டுகள் தெரிந்தால் உஷார். வார்ப்பிரும்பு அந்த இடத்தில் மட்டும் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பால் சட்டென்று ஆறியிருக்கலாம். மெட்டலர்ஜி வகுப்பில் படித்த மார்ட்டென்சைட் நினைவிருக்கிறதா? அதேதான். பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற மாதிரி, அந்தத் திட்டு மட்டும் கல்லாக இறுகிவிடுகிறது.

லேத்தில் வைத்துச் சீவினால், டூல் அந்த இடத்தில் ஏறிக் குதித்துவிடும். முகம் பளபளவென்று இருக்கும், ஆனால் மச்சம் இருந்த இடம் மேடாகவே நிற்கும். கல் வைத்து அரைக்கிற கிரைண்டிங் மெஷின், இறுகிய இரும்பையும் இளகிய இரும்பையும் ஒரே மட்டமாக எடுத்துவிடும். அதனால்தான் இந்த வேலைக்கு கிரைண்டிங் நல்லது என்கிறார்கள். மச்சம் ரொம்ப ஆழமாகப் போயிருந்தால் கிரைண்டிங்கும் உதவாது. சூடு ஏறினால் அது திரும்ப மேலே எழும்பும்.

எவ்வளவு சீவலாம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எடுப்பது பெரும்பாலும் மில்லிமீட்டரில் கால், அரை என்ற கணக்கில்தான். நம் ரெக்கார்டு நோட்டுக்குப் பயன்படுத்துகிற ஏ4 தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. இரண்டு மூன்று தாள் கனம் எடுத்தால் முடிந்துபோகிற வேலை. ஆனால், மிச்சம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச கனத்தை வண்டி கம்பெனியின் சர்வீஸ் மேனுவல் சொல்லியிருக்கும். அதற்குக் கீழே போனால் சூட்டைத் தாங்கும் இரும்பும் குறையும், பலமும் குறையும்.

சில ஃப்ளைவீல்களில் பிளேட் உட்காரும் முகம் பள்ளமாகவும், பிரஷர் பிளேட் மாட்டுகிற விளிம்பு மேடாகவும் இருக்கும். பள்ளத்தை மட்டும் சீவினால் பிடிப்பு குறைந்து கிளட்ச் ஸ்லிப் ஆகும். முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ, விளிம்பிலும் அவ்வளவே எடுக்க வேண்டும். அளக்காமல் கை போகிற போக்கில் சீவினால், பளபளப்பாகக் கெடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தட்டிப் பாருங்க!

சந்தையில் பானை வாங்கும்போது அம்மா என்ன செய்வார்? தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் கூடைக்குள். 'டொப்' என்றால் திரும்பக் கடைக்காரரிடம். ஃப்ளைவீலைத் தொங்கவிட்டுச் சின்ன சுத்தியலால் தட்டுவதும் அதே சோதனைதான். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் விரிசலில் ஊறும் சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்க்கிற 'டை பெனட்ரன்ட்' சோதனையும் உண்டு.

மேலோட்டமான முடி விரிசல், சீவலில் போய்விடும். போல்ட் துளை வரை ஓடியிருக்கிற விரிசலோ, ஆழமான விரிசலோ இருந்தால் பேச்சே இல்லை, பழைய இரும்புக் கடைதான். 'வெல்டிங் வச்சுக்கலாமுங்க' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அந்தச் சிமென்ட் மூட்டைக் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? சுற்றும்போது உடைந்தால், துண்டுகள் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு கேபின் பக்கமே வரலாம்.

நோட் பண்ணிக்கோங்க!

* கழற்றும்முன் ஃப்ளைவீலிலும் கிராங்க் ஷாஃப்ட்டிலும் ஒரு அடையாளம் போடச் சொல்லுங்கள். அதே நிலையில் மாட்டினால்தான் பேலன்ஸ் கெடாது.

* பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று அப்போதே பாருங்கள். முகத்தில் எண்ணெய் பட்டால் புது பிளேட்டும் வீண்தான்.

* மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து முகம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்கிற அளவுக்கு முடுக்க வேண்டும்.

* பல டீசல் கார்களில் இருப்பது, உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல். அதைச் சாதாரண ஃப்ளைவீல் மாதிரி சீவக் கூடாது.

* 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 வண்டி என்றால் இன்னும் கவனம். சில இன்ஜின்களில் சென்சார் படிப்பதே ஃப்ளைவீல் விளிம்பில் உள்ள அடையாளங்களைத்தான்.

சீவிக் கொடுத்தால் பட்டறைக்குக் கூலி. 'இது தேறாதுங்க, புதுசு வாங்கிக்கோங்க' என்றால் அந்தக் கூலியும் இல்லை. வந்தவர் முகம் வேறு வாடிப்போகும். அப்படியும் அளந்து பார்த்து, தட்டிப் பார்த்து, தேறாததைத் 'தேறாது' என்று சொல்கிற பட்டறை எது என்று விசாரித்து வையுங்கள். அடுத்த லீவில் அங்கே போய் ஒரு வாரம் நில்லுங்கள். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுப்பார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.