1,024 கட்டங்களுக்குள் ஒரு ரோபோ!

ஒரு கிராஃப் நோட்டை எடுத்து, அகலத்தில் 32 கட்டம், உயரத்தில் 32 கட்டம் எண்ணி ஒரு சதுரம் போடுங்கள். மொத்தம் 1,024 கட்டங்கள். தலை, கை, கால், கண் எல்லாவற்றோடும் ஒரு ரோபோ இதற்குள் அடங்க வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும். அதற்கு எத்தனை வண்ணம் தெரியுமா? மூன்றே மூன்று!

விஸ்காம், அனிமேஷன், கேம் டிசைன் என்று படிக்கிற பிள்ளை, பிராஜெக்ட்டுக்காக இப்படி ஒரு 'பிக்ஸல்' ரோபோவை எடுத்துக்கொண்டு நடுராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால், 'கேம் ஆடிக்கிட்டிருக்கு' என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பாவம், ரோபோவின் இடது முழங்காலை ஒரு கட்டம் மேலே தூக்கலாமா, வேண்டாமா என்று அது அரை மணி நேரமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு கட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும்.

நீல ரோபோ பிறந்த கதை

1983-ல் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற வீடியோ கேம் பெட்டியை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் திரை மொத்தமுமே 256-க்கு 240 புள்ளிகள்தான். நகரும் உருவம் எதுவானாலும், 8-க்கு 8 கட்டமுள்ள குட்டித் துண்டுகளை ஒட்டவைத்துத்தான் செய்ய முடியும். ஒரு துண்டுக்கு மூன்று வண்ணம். ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வந்தால் மீதி திரையில் தெரியாது. பழைய கேம்களில் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் விட்டுவிட்டு மின்னுமே, அதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பெட்டிக்காக 1987-ல் கேப்காம் நிறுவனம் 'ராக்மேன்' என்ற கேமை வெளியிட்டது. மற்ற நாடுகளில் அவன் பெயர் 'மெகா மேன்'. கையில் பீரங்கி, தலையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் நீலம். ஏன் நீலம்? அந்தப் பெட்டியில் கிடைத்த வண்ணங்களில் நீலத்துக்குத்தான் சாயல்கள் அதிகம் என்று, அதில் வேலை பார்த்த கெய்ஜி இனாஃபுனே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆனால், கறுப்பு அவுட்லைன், இரண்டு நீலம் என்று மூன்று வண்ணமும் உடம்புக்கே தீர்ந்துவிட்டது. முகத்துக்கு என்ன செய்வது? முகத்தை மட்டும் தனித் துண்டாக வரைந்து உடம்பின் மேல் வைத்துவிட்டார்கள். துண்டு தனி என்பதால் வண்ணமும் தனி. அந்தப் பெரிய கண்கள் பளிச்சென்று தெரிவதன் ரகசியம் இதுதான். ஓடும்போதும் அவனுக்கு மூன்றே படங்கள்தான். 1, 2, 3, மறுபடி 2 என்று அவற்றையே சுற்றவிட்டால் ஆள் ஓடுகிறான்!

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். இரண்டாவது கேமில் வரும் வில்லன் ரோபோக்களுக்கான யோசனைகளை கேப்காம் ரசிகர்களிடமே கேட்டது. பிள்ளைகள் காகிதத்தில் வரைந்து அனுப்பினார்கள். அந்தப் போட்டி அடுத்தடுத்த கேம்களுக்கும் தொடர்ந்தது. 1991-ல் வந்த நான்காவது கேமில் குப்பையை உறிஞ்சும் 'டஸ்ட் மேன்' என்றொரு ரோபோ வரும். வேக்குவம் கிளீனருக்குக் கை, கால் முளைத்த மாதிரி இருக்கும் அதற்கு யோசனை கொடுத்தவன் ஒரு பள்ளிச் சிறுவன், யூசுகே முராட்டா. ஐந்தாவது கேமிலும் அவன் வரைந்த ரோபோ தேர்வானது. இன்று உலகமெங்கும் படிக்கப்படும் 'ஒன் பன்ச் மேன்' மாங்காவுக்குப் படம் வரைபவர் அதே முராட்டாதான்.

கிரைண்டருக்குக் கால் முளைத்தால்...

ஆக, யோசனைக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை, சமையலறையே போதும். வெட் கிரைண்டர் ஒரு ரோபோ ஆனால் எப்படி இருக்கும்? தடித்த உடம்பு, குட்டைக் கால், மெதுவான நடை. பிரஷர் குக்கர் ரோபோ என்றால், கோபம் வரும்போது தலையில் இருக்கும் வெயிட் எகிற வேண்டும். வேலை என்ன என்று தீர்மானித்துவிட்டால் உருவம் பாதி வந்த மாதிரி.

முதலில் கண், பட்டன் எதுவும் வேண்டாம். முழு உருவத்தையும் கறுப்பாக நிரப்பி, நிழல் போலப் பாருங்கள். ரோபோ என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால், உள்ளே எத்தனை பட்டன் வைத்தாலும் தெரியப்போவதில்லை. அதன் பிறகு வண்ணம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முடிவு செய்து, அந்தப் பக்கம் வெளிர், எதிர்ப்பக்கம் அடர்த்தி.

அனிமேஷனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ரோபோ ஒரு வரப்பிரசாதம். மனிதன் விறைப்பாக நடந்தால் தப்பாகத் தெரியும், ரோபோ அப்படித்தானே நடக்கும்! பக்கவாட்டு நடைக்கு நான்கு படங்கள் போதும். கால்கள் அகலும்போது உடம்பை ஒரு கட்டம் இறக்குங்கள். ஒரு கால் இன்னொன்றைத் தாண்டும்போது ஒரு கட்டம் ஏற்றுங்கள். கால் மாற்றி இதையே ஒருமுறை செய்தால் நான்கு படமும் தயார். இந்த ஒரு கட்ட ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால், ரோபோ நடக்காது, ஐஸில் வழுக்கிக்கொண்டு போகும்.

பலரும் தடுமாறுவது இரண்டு காலுக்கும் ஒரே நிறம் கொடுத்துவிட்டு. எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது. தூரத்துக் காலுக்கும் கைக்கும் அடர் நிறம் கொடுத்தால் தீர்ந்தது. தலையில் ஆன்டெனா இருந்தால், உடம்பு ஏறி இறங்கிய பிறகு ஒரு படம் தாமதமாக அது ஆடட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் உயிர் வருவது அங்கேதான். ஒரு படம் 100 மில்லி செகண்ட் நின்றால் சுறுசுறுப்பான ரோபோ. அதையே 200 ஆக்கினால் கிரைண்டர் ரோபோவின் கனம் தெரியும்.

விலையுயர்ந்த லேப்டாப் கேட்டு அப்பாவை நச்சரிக்க வேண்டியதில்லை. 'பிஸ்கெல்' பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். 'லிப்ரேஸ்பிரைட்'டும் இலவசம். 'ஏஸ்ப்ரைட்' காசு கொடுத்து வாங்க வேண்டியது. முந்தைய படத்தை மங்கலாகப் பின்னால் காட்டும் 'ஆனியன் ஸ்கின்' வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் தருமே என்று தோன்றலாம். தரும். பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கட்டம் பெரிது, ஒரு கட்டம் சிறிது என்று இருக்கும். இந்த முழங்கால் ஏன் இங்கே என்று ஆசிரியர் கேட்டால் பதிலும் இருக்காது. கிராஃப் நோட்டில் போட்ட முதல் படம், கறுப்பு நிழல், சொதப்பிய நடை எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்து, பிராஜெக்ட்டோடு கொடுங்கள்.

கடைசியில் ஒன்று. 32 கட்டப் படத்தை அப்படியே அனுப்பினால் கடுகளவு தெரியும், கண்டபடி இழுத்தால் கலங்கிவிடும். எட்டு மடங்கு, பத்து மடங்கு என்று முழு எண்ணிலேயே பெரிதாக்குங்கள். அப்போது 'நியரஸ்ட் நெய்பர்' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் ஓரங்கள் கூர்மையாகவே நிற்கும். பிறகு ஜிஃப் ஃபைலாகச் சேமித்து, ஃபேமிலி குரூப்பிலும் ஒருமுறை போட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க என்ன நடந்தது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்!