மூழ்கும் கப்பலில் ஒரு ஜெபம்

நடுக்கடல். நள்ளிரவு. பயங்கரப் புயல்.

அட்லாண்டிக் கடலில் "கிரேஹவுண்டு" என்ற பாய்மரக் கப்பல் தத்தளித்துக்கொண்டு இருந்தது. அன்று 1748-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ந் தேதி.

கப்பலின் கீழ் அறையில் ஒரு வாலிபன் தூங்கிக்கொண்டு இருந்தான். வயது 22. பெயர் ஜான் நியூட்டன்.

திடீரென்று ஒரு பெரிய அலை கப்பல் மீது மோதியது. அறைக்குள் தண்ணீர் கொட்டியது. கப்பல் மூழ்குகிறது என்று மேலே கூச்சல் கேட்டது.

நியூட்டன் துள்ளி எழுந்தான். ஏணியில் ஏறினான். வழியில் கப்பல் கேப்டன் எதிர்ப்பட்டார். ஒரு கத்தி எடுத்து வரச் சொன்னார். நியூட்டன் திரும்பினான். அவனுக்குப் பதிலாக வேறு ஒரு மாலுமி மேலே போனான்.

மேல்தளத்தில் அந்த மாலுமி கால் வைத்ததுதான் தாமதம். ஓர் அலை அவனை வாரிக்கொண்டு போய்விட்டது!

கத்தி எடுக்கப் போகாமல் இருந்தால், கடலுக்குப் போயிருப்பவன் நியூட்டன்தான்.

துணியை அடைத்தார்கள்

கப்பலின் ஒரு பக்கத்தில் மேல் பலகைகள் பிய்ந்து போயிருந்தன. உடுத்தும் துணி, படுக்கை, கம்பளி எல்லாவற்றையும் ஓட்டைகளில் திணித்தார்கள். அதன் மேல் பலகை வைத்து ஆணி அடித்தார்கள். பம்பு அடித்துத் தண்ணீரை வெளியே கொட்டினார்கள். கொட்டக் கொட்டத் தண்ணீர் ஏறியது.

கப்பலில் தேன்மெழுகும் மரக்கட்டையும் ஏற்றி இருந்தார்கள். இரண்டும் தண்ணீரில் மிதக்கும் பொருள்கள். அதனால்தான் கப்பல் உடனே மூழ்கவில்லை.

நியூட்டன் விடியற்காலை 3 மணிக்குப் பம்பு அடிக்கத் தொடங்கினான். பகல் 12 மணி ஆகப்போகிறது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அடித்தான். கட்டாவிட்டால் அலை இழுத்துவிடும்.

நடுவில் கேப்டனிடம் ஏதோ யோசனை சொன்னான். அது பலிக்காவிட்டால் ஆண்டவன் இரங்கினால்தான் உண்டு என்ற பொருளில் ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டது.

சொன்னவனுக்கே தூக்கிவாரிப் போட்டது!

எனக்கா? ஆண்டவன் எனக்கா இரங்குவான்?

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது.

தாய் இல்லாப் பிள்ளை

நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவன். தகப்பனார் கப்பல் கேப்டன். தாயார் பக்தி மிகுந்தவள். மகனை மடியில் வைத்துக்கொண்டு வேதம் சொல்லிக் கொடுத்தாள். அவன் போதகர் ஆகவேண்டும் என்று ஜெபித்தாள். மகனுக்கு 7 வயது நிரம்பும் முன்பே காச நோயால் இறந்து போனாள்.

பையன் 11 வயதில் கடலுக்குப் போனான். கெட்டுப் போனான். கடவுள் இல்லை என்றான். கடவுளை நம்புகிறவர்களைக் கேலி செய்தான். வாயைத் திறந்தால் வசவு. பழைய வசவுகள் போதாமல் புதுப்புது வசவுகளை அவனே கண்டுபிடிப்பானாம்! கடலில் நரைத்த கேப்டனே அதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடினான். பிடிபட்டான். சவுக்கடி கிடைத்தது.

பிறகு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே காய்ச்சலில் விழுந்தான். வியாபாரியின் மனைவிக்கு அவனைக் கண்டாலே பிடிக்காது. சோறு போடமாட்டாள். இரவில் தோட்டத்துக்குள் புகுந்து கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான்.

அப்போது அவனுக்கு ரகசியமாக உணவு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? விற்பதற்காகச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கறுப்பு அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த ஒரு பிடி உணவில் இந்த வெள்ளைக்காரப் பையனுக்கும் பங்கு கொடுத்தார்கள்.

இதை நாம் மறக்கக் கூடாது. நியூட்டன் சில காலம் மறந்துவிட்டான்.

தகப்பனார் ஆள் விட்டுத் தேடினார். அப்படித்தான் "கிரேஹவுண்டு" கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டு இருந்தான். புயல் வந்தது.

அரை மீன், 12 பேர்

பம்பு அடிக்கத் தெம்பு இல்லாமல் போனதும் அவனைச் சுக்கான் பிடிக்க நிறுத்தினார்கள். நள்ளிரவு வரை நின்றான். யோசிக்க நேரம் கிடைத்தது. தாயின் மடியில் கேட்டது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஜெபிக்க முயன்றான். வார்த்தை வரவில்லை. வந்ததும் ஜெபம் மாதிரி இல்லை, காக்கை கரைவது போல இருந்தது என்று பின்னாளில் அவனே எழுதினான்.

மாலைக்குள் கப்பலில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆனால் ஆபத்து தீரவில்லை. ஆடு, பன்றி, கோழி எல்லாம் கடலோடு போய்விட்டன. உணவுப் பீப்பாய்கள் உடைந்துவிட்டன. மிச்சம் இருந்தது உப்பிட்ட மீன்தான். அரை மீன் ஒரு நாள் முழுவதும் 12 பேருக்கு!

ஒரு நாள் காலை, "கரை தெரிகிறது!" என்று ஒருவன் கத்தினான். எல்லோருக்கும் உயிர் வந்தது. கடைசி ரொட்டியையும் கடைசிப் பிராந்தியையும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். சற்று நேரத்தில் அந்த "மலை" கலைந்து போயிற்று. அது வெறும் மேகம்!

கேப்டனுக்குக் கோபம் நியூட்டன் மேல் திரும்பியது. வேதத்தில் வரும் யோனாவைப்போல இவனால்தான் இவ்வளவு கேடும், இவனைக் கடலில் போட்டால் சரியாகிவிடும் என்று தினமும் சொல்லிக்கொண்டு இருந்தார்.

இப்படி 4 வாரம். ஏப்ரல் மாதம் 8-ந் தேதி அயர்லாந்துக் கரையில் நங்கூரம் போட்டார்கள். கடைசி உணவு அப்போது பானையில் வெந்துகொண்டு இருந்தது. நங்கூரம் போட்ட 2 மணி நேரத்தில் பெரும் காற்று கிளம்பியது. கடலில் இருந்திருந்தால் கப்பல் தாங்கியிருக்காது.

ஜெபத்தைக் கேட்கிற கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நியூட்டன் நம்பத் தொடங்கியது அன்றுதான். அதன் பிறகு சாகும் வரை, ஆண்டுதோறும் மார்ச்சு 21-ந் தேதியை நன்றி கூறும் நாளாக வைத்துக்கொண்டான்.

மேலே ஆராதனை, கீழே சங்கிலி

பல புத்தகங்களில் நியூட்டனின் கதையை இந்த இடத்தோடு முடித்து விடுகிறார்கள். முடிப்பது சுலபம். ஆனால் உண்மைக் கதை அப்படி முடியவில்லை.

ஜெபம் கேட்கப்பட்ட அதே ஆண்டில் நியூட்டன் மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போனான். எதற்கு? அடிமை வாங்க!

அங்கே பழைய கெட்ட வழக்கங்களும் திரும்பி வந்தன. காய்ச்சலில் விழுந்து, சாகக் கிடந்து, மறுபடியும் ஜெபித்து எழுந்தான். பிறகு அடிமைகளை ஏற்றிக்கொண்டு கப்பல் அமெரிக்காவில் சார்லஸ்டன் என்ற துறைமுகத்துக்குப் போனது. அந்த ஊரில் வேலை இல்லாத நேரங்களில் நியூட்டன் காட்டுப் பக்கம் தனியே போய் ஜெபம் செய்வான்.

1750-ம் ஆண்டு கல்யாணம் நடந்தது. அதே ஆண்டில் கேப்டனும் ஆனான். 1754 வரை 3 முறை அடிமைக் கப்பல் ஓட்டினான்.

அந்தக் கப்பல்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினான். வசவு பேசக் கூடாது என்று உத்தரவு போட்டான். ஆனால் அவர்கள் மண்டியிட்ட பலகைக்குக் கீழே மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். கலகம் செய்யத் திட்டம் போட்டதாகச் சந்தேகம் வந்தால், கட்டை விரலை நசுக்கும் இரும்புக் கருவியை மாட்டினார்கள். சிறுவர்களுக்கும் மாட்டியதை அவனே தன் கப்பல் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான்.

பட்டினி கிடந்தபோது தன் பங்கு உணவைக் கொடுத்தார்களே, அதே மக்கள்!

கீழே கிடந்தவர்களும் கதறியிருப்பார்கள். தாங்கள் அறிந்த தெய்வத்தைக் கூப்பிட்டிருப்பார்கள். அது மேலே நின்று ஜெபித்தவன் காதில் விழவே இல்லையா? விழவில்லை. அந்தக் காலத்தில் கனவான்கள் செய்யும் தொழில் அது. தப்பு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

1754-ம் ஆண்டு நியூட்டன் அடுத்த பயணத்துக்குத் தயாராக இருந்தான். கிளம்ப 2 நாள்தான் பாக்கி. மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டு இருந்தவன் திடீரென்று மயங்கி விழுந்தான். டாக்டர்கள் கப்பலுக்குப் போகக் கூடாது என்றார்கள். அடிமைத் தொழில் அவனை விட்டது அப்படித்தான். மனச்சாட்சி உறுத்தி அவன் அதை விடவில்லை. கடவுளின் கிருபை அவனைப் பிடித்து இழுத்து வெளியே போட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு பாட்டு பிறந்தது

1764-ம் ஆண்டு நியூட்டன் பாதிரியார் ஆனார். தாயாரின் ஜெபம் பலித்தது. இனி மரியாதையாகவே எழுதுவோம்.

இங்கிலாந்தில் ஆல்னி என்பது சிறிய ஊர். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர். அங்கேதான் அவருக்கு வேலை. பெரிய படிப்பு இல்லாத அந்த மக்களுக்கு விளங்கும்படி எளிய வார்த்தைகளில் பாட்டு எழுதினார். 1773-ம் ஆண்டு புத்தாண்டு ஆராதனைக்காக எழுதிய பாட்டுதான் உலகப் புகழ்பெற்ற "அமேசிங் கிரேஸ்". வியப்பூட்டும் கிருபை என்று பொருள். அவர் வைத்த தலைப்பு வேறு. விசுவாசம் பின்னால் திரும்பிப் பார்ப்பதும், முன்னால் நம்பிக்கையோடு எதிர்பார்ப்பதும் என்ற கருத்தில் தலைப்பு வைத்திருந்தார்.

அந்த ஊரில் வில்லியம் கூப்பர் என்ற பெரிய கவிஞர் இருந்தார். நியூட்டனின் உயிர் நண்பர். இருவரும் சேர்ந்துதான் பாட்டுப் புத்தகம் எழுதினார்கள். அதே புத்தாண்டு சமயத்தில் கூப்பருக்கு மனநோய் கடுமையாக வந்துவிட்டது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பினார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். நியூட்டனும் அவர் மனைவியும் நண்பரைத் தங்கள் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நியூட்டன் எவ்வளவோ ஜெபித்தார். கூப்பர் தெளிந்து மறுபடி கவிதை எழுதினார். ஆனால் கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் மட்டும் சாகும் வரை போகவில்லை.

புயலில் ஒரு ஜெபம் கேட்கப்பட்டது. நண்பனுக்காகச் செய்த ஜெபம் கேட்டபடி கிடைக்கவில்லை. நியூட்டன் இரண்டையும் கண்டவர். ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை, நண்பனை வெளியே அனுப்பவும் இல்லை.

இரவில் வந்த எம்.பி.

1785-ம் ஆண்டு டிசம்பர் மாதம். நியூட்டன் அப்போது லண்டனில் பாதிரியார். வயது 60. ஒரு வாலிப எம்.பி. யாருக்கும் தெரியாமல் அவரைப் பார்க்க வந்தார். கதவைத் தட்டத் தயங்கி, தெருவைச் சுற்றி நடந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் பெயர் வில்லியம் வில்பர்போர்ஸ்.

அரசியலை விட்டுவிட்டுச் சமய ஊழியத்துக்குப் போகலாமா என்று கேட்டார். போகாதே, பார்லிமெண்டிலேயே இருந்து கடவுளுக்கு வேலை செய் என்று நியூட்டன் புத்தி சொன்னார். அந்த வாலிபர்தான் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பார்லிமெண்டில் 20 ஆண்டு போராடியவர்.

1788-ம் ஆண்டு நியூட்டனே ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தான் ஓட்டிய கப்பல்களில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதினார். இந்த வியாபாரத்தில் நான் இருந்தேனே என்று நெஞ்சு நடுங்குகிறது என்றும், இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்றும் ஒத்துக்கொண்டார். பிறகு பார்லிமெண்டு கமிட்டி முன் போய்ச் சாட்சியும் சொன்னார்.

புயலில் ஜெபித்த நாளில் இருந்து இதற்கு 40 ஆண்டுகள் ஆயின! கிருபை ஒரே இரவில் வந்தது. கண் திறக்க 40 ஆண்டு பிடித்தது. இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பாடுவது பாதிப் பாட்டைப் பாடுவது போலத்தான்.

1807-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ந் தேதி அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அப்போது நியூட்டனுக்கு 81 வயது. கண் பார்வை போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி காலமானார்.

மறுபடியும் சார்லஸ்டன்

பாட்டு அமெரிக்காவுக்குப் போனது. இன்று நாம் கேட்கும் ராகத்தில் 1835-ம் ஆண்டு வில்லியம் வாக்கர் என்பவர் அதை அமைத்தார். கறுப்பு மக்கள் அதைத் தங்கள் பாட்டாக ஆக்கிக்கொண்டார்கள். அடிமைக் கப்பல் கேப்டன் எழுதிய பாட்டை அடிமைகளின் பிள்ளைகள் பாடினார்கள்!

சார்லஸ்டன் நினைவு இருக்கிறதா? அடிமைகளை ஏற்றிக் கொண்டுபோய்விட்டு, காட்டில் தனியே போய் நியூட்டன் ஜெபித்த ஊர்.

2015-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி, அந்த ஊரில் கறுப்பு மக்களின் தேவாலயம் ஒன்றில் வேத வகுப்பு நடந்தது. ஒரு வெள்ளைக்கார வாலிபன் வந்து உட்கார்ந்தான். யார் என்று கூடக் கேட்காமல் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜெப நேரத்தில் அவன் துப்பாக்கியை எடுத்தான். போதகர் கிளெமன்டா பிங்க்னி உள்பட 9 பேர் செத்தார்கள்.

இரண்டு நாளில் அவன் வழக்கு கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் எழுந்தார்கள். உன்னை மன்னிக்கிறேன் என்று ஒருவர் பின் ஒருவராக அழுதுகொண்டே சொன்னார்கள்.

ஜூன் 26-ந் தேதி போதகரின் இறுதிச் சடங்கு. அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா வந்து பேசினார். கிருபையைப் பற்றித்தான் பேசினார். பேச்சின் நடுவே நிறுத்தினார். சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு துணை வாத்தியம் இல்லாமல் நியூட்டனின் பாட்டைப் பாடத் தொடங்கினார்.

மேடையில் இருந்த போதகர்கள் எழுந்தார்கள். ஆர்கன் வாசிப்பவர் அவசரமாக ராகத்தைப் பிடித்தார். ஆயிரக்கணக்கான மக்கள் எழுந்து நின்று சேர்ந்து பாடினார்கள்.